மூன்றாம் நம்பர் போட்டுக்கு நான் போட்ட கையெழுத்து

எங்கள் சங்கம் இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று வீட்டுக்கே வந்து தாளையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். "நல்ல அனுபவமா எழுதுங்க பாய், புதுசா சேர்ந்தவங்க படிக்கணும்" என்றார்கள். இருபத்தெட்டு வருஷம் ஒரே கம்பெனியில் போட் எஞ்சினோடு புழங்கியவன் நான். நல்ல அனுபவம் என்று தேடிப் பார்த்தால் நாலு பக்கத்துக்குத் தேறவில்லை. கெட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் காதர். பிறந்தது பழைய வண்ணாரப்பேட்டை, இப்போது இருப்பது டோல்கேட் பக்கம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, காசிமேட்டில் ஒரு பட்டறையில் ஆறு வருஷம் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டினேன். அங்கே யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. திட்டினார்கள், நான் கற்றுக்கொண்டேன். பிறகு எண்ணூரில் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தேன். கப்பலிலிருந்து கயிற்றை வாங்கிக் கரைக்குக் கொண்டுவருவது, மாலுமிகளை ஏற்றி இறக்குவது என்று சின்ன போட்டுகளை வைத்து காண்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனி. பெயர் வேண்டாம்.

கம்பெனியில் மூன்று வேகப் படகுகள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்பலகையிலும் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் தொங்கும். ஐப்பசியில் கடல் கெட்டுப்போனால் இந்த மூன்றும் வேலைக்கு ஆகாது. கரையேற்றி, எஞ்சினைப் பக்குவம் செய்து, தை மாதம் வரை ஷெட்டில் நிறுத்திவிடுவோம். அந்தப் பக்குவம் செய்வதுதான் என் பொறுப்பு.

பழைய கார்புரேட்டர் எஞ்சின் காலத்தில் இது பெரிய வேலையே இல்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், உள்ளே இருக்கிற மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டுத் தானாக நிற்கும். உள்ளே பெட்ரோல் இல்லையென்றால் பிசின் பிடிக்காது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்த புது எஞ்சின்கள் வந்த முதல் வருஷம் நானும் அதையே செய்தேன். தை பிறந்து சாவியைத் திருப்பினால் இரண்டு எஞ்சின் கிளம்பவே இல்லை. எஞ்சின் விற்ற கடையிலிருந்து ஒருவர் வந்து பெட்ரோலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்பைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே நகத்தால் கீறியதுபோலக் கோடு கோடாக இருந்தது.

"பாய், இந்தப் பம்புக்குப் பெட்ரோல்தான் எண்ணெய், பெட்ரோல்தான் தண்ணி. வெறும் வயித்தோட ஓடவிட்டுக் கொன்னுட்டீங்க" என்றார்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அவரிடமே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த வருஷத்திலிருந்து எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். புதியவர்களுக்கு உபயோகமாக இருக்கக்கூடியது இந்தக் கட்டுரையில் இது ஒன்றுதான்.

முதலில் டாங்க்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். அரை டாங்க்காக விட்டால் மீதி அரையில் ஈரக்காற்று வந்து உட்காரும். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக் குடிக்கும். குடித்தது ஒருநாள் தண்ணீராகப் பிரிந்து அடியில் போய் நிற்கும். பெட்ரோல் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. அதனால் நிரப்பிவிட்டு, பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றும் மருந்தை அளந்து ஊற்றுவேன். பிறகு எஞ்சினின் தண்ணீர் வாயில் ரப்பர் கப்பை மாட்டி, நல்ல தண்ணீர் குழாயைச் சொருகி, பத்து நிமிஷம் ஓடவிடுவேன். உள்ளே தங்கிய உப்பு கழுவிப் போகும். மருந்து கலந்த பெட்ரோல் இன்ஜெக்டரின் நுனி வரை போய்ச் சேரும். அடுத்து, ஒரு சின்ன கேனில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து, அதிலிருந்து ஐந்து நிமிஷம். வெள்ளைப் புகை கட்டியாக வரும். வந்ததும் சாவியால் நிறுத்த வேண்டும். பட்டினி போட்டு நிறுத்தக் கூடாது. பிளக்கைக் கழற்றி எண்ணெய் பீய்ச்சி, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி மாட்டுவேன். தண்ணீரைப் பிரிக்கிற ஃபில்டரைப் புதிதாகப் போடுவேன். கியர் ஆயில் பால்போல வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பாட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைப்பேன். எஞ்சினைச் சாய்க்காமல் நேராக நிறுத்தி, மிச்சத் தண்ணீர் சொட்டி முடிந்த பிறகு துணியால் மூடுவேன். பிளாஸ்டிக்கால் மூடினால் உள்ளே வியர்க்கும். ஒரு எஞ்சினுக்கு அரை நாள். ஆறு எஞ்சினுக்கு மூன்று நாள்.

இதையெல்லாம் தமிழில் பதினான்கு வரியாக எழுதி ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டினேன். ஒரு மாதம் கழித்து அதைக் கிழித்துவிட்டு, டைப் அடித்து லாமினேட் செய்த தாள் ஒன்று அதே இடத்தில் தொங்கியது. பதினான்கு வரியும் என்னுடையது. கீழே "தயாரித்தவர்" என்ற இடத்தில் தனசேகர் சார் பெயர்.

தனசேகர் சார் ஒர்க்‌ஷாப் மேனேஜர். அவரைப் பற்றிக் கெட்டவர் என்று சொன்னால் அங்கே வேலை பார்த்த பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. பெருக்குகிற அம்மாவைக்கூட வாங்க போங்க என்பார். சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவிய ஒரு பென்சில் இருக்கும். எதையும் பென்சிலால்தான் எழுதுவார். துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, வேலை முடிந்ததும் "அந்தச் சீட்டைக் குடுங்க" என்று மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வார். இதைச் செய் என்று சொல்லவே மாட்டார். "பாத்துக்கங்க பாய்" என்பார். அந்த வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடும். நன்றாக முடிந்தால் அவர் சொல்லி நாம் செய்தது. கெட்டுப்போனால் நாமாகச் செய்தது. இது எனக்குப் புரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

என் வேலையின் கடைசி வருஷம், எஞ்சின் பக்குவம் செய்யும் வேலையை வெளியாளுக்குக் காண்ட்ராக்ட் விட்டுவிட்டார்கள். ஆறு எஞ்சினுக்கு ஒன்றரை நாள். நான் மேற்பார்வை. அவர்கள் முடிக்க முடிக்கச் சரிபார்த்து, ஒவ்வொரு போட்டின் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் கூடவே நின்றேன். ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் ஒழுங்காக முடிந்தன. அவசரத்தில் விட்டதை நானே செய்தேன். மறுநாள் காலை மூன்றாம் நம்பரைத் தொடும் நேரத்தில் தனசேகர் சார் வந்தார்.

"மீஞ்சூர் சைட்ல ஒரு பம்ப் செட் நின்னுபோச்சாம். ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறீங்களா?"

"மூணாம் நம்பர் கீதே சார்?"

"அதே ஆளுங்கதானே பாய் செய்யறாங்க. பாத்துக்கலாம்."

நான் போனேன். மீஞ்சூரில் வேலை முடிந்து திரும்பும்போது சாயங்காலம். மூன்றாம் நம்பர் போட்டைத் துணி போட்டு மூடி, சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் போய்விட்டார்கள். என் மேஜைமேல் அந்தப் போட்டின் தாள் இருந்தது. பதினான்கு கட்டத்திலும் டிக். கையெழுத்து இடத்தில் பென்சிலால் மெல்லிசாக ஒரு பெருக்கல் குறி.

பூட்டுச் சாவி அதே அறையில், ஆணியில் தொங்கியது. எடுத்துப்போய்த் துணியை விலக்கி டாங்க் மூடியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. மீஞ்சூர் ரயிலில் நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் வலி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த நாளை வரவில்லை. யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. இதை நான் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. ஏரியைத் திறந்துவிட்டார்கள். கொசஸ்தலை ஆறு கரை புரண்டு முகத்துவாரத்துக்கு வந்தது. ஆற்றோரக் குப்பம் ஒன்றில் ஜனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். அரசு ஆபீசிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டு போட் கேட்டார்கள். ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் ஷெட்டின் உள்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தன. வாசலோரம் இருந்தது மூன்றாம் நம்பர்.

அதை ஓட்டப் போனவன் ஏழுமலை. காசிமேட்டுக்காரன். என்னைவிட எட்டு வயது சின்னவன். பட்டறைக் காலத்திலிருந்தே எனக்குத் தோஸ்து. அவனை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். அன்றைக்கு என் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காலை பத்து மணி இருக்கும்.

"பாய், மூணாம் நம்பரை எறக்கச் சொல்றாங்க. எறக்கட்டா?"

"ஃபில்டரைக் கழட்டிப் பாத்துட்டு எறக்கேன்" என்றேன்.

"ஃபில்டரா? இன்னா பாய் நீ. ஆளுங்கோ கூரை மேல நின்னுகினு கீறாங்கோ. கைக்கொயந்தைங்க வேற. நேரமில்ல. எஞ்சினு நல்லா கீதா இல்லியா, அத்தச் சொல்லு."

நான் பார்க்கவில்லைடா என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் ஃபில்டரைத் திறந்திருப்பான். பத்து நிமிஷம் போயிருக்கும். அவ்வளவுதான்.

"நல்லாத்தான் கீது. எறக்கு" என்றேன்.

முதல் நடையில் எட்டுப் பேரைக் கரை சேர்த்துவிட்டான். இரண்டாம் நடையில், எட்டுப் பேர் ஏற வேண்டிய போட்டில் பதினோரு பேர் ஏறினார்கள். விட்டுவிட்டு வர முடியாத மூன்று பேர். ஆற்றின் நடுவில் இழுப்பை எதிர்த்து வேகம் கொடுத்ததும் ஒரு எஞ்சின் விக்கியது. பிறகு அடுத்தது. இரண்டும் ஒரே டாங்க்கில் குடிப்பவை. நின்ற போட்டை ஆறு பாலத்துத் தூணை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. பக்கவாட்டில் மோதினால் கவிழும் என்று ஏழுமலைக்குத் தெரியும். முன்பக்கம் போய் உட்கார்ந்து, காலை நீட்டித் தூணை உதைத்துப் போட்டைத் திருப்பினான். போட் திரும்பியது. கால் தூணுக்கும் போட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த மீனவர்களின் ஃபைபர் போட் பதினோரு பேரையும் எடுத்தது. யாரும் சாகவில்லை. அதனால்தான் விவகாரம் கம்பெனிக்கு உள்ளேயே முடிந்துபோனது.

தண்ணீர் வடிந்ததும் எஞ்சினை நான்தான் பிரித்தேன். ஃபில்டர் கிண்ணத்தில் பாதி தண்ணீர். டாங்க்கை நிரப்பவே இல்லை. ஃபில்டர் போன வருஷம் நான் மாட்டியது, என் கையால் எழுதிய தேதியோடு அப்படியே இருந்தது. பம்பைத் திறந்தேன். கோடு கோடாகக் கீறல். குழாயைக் கழற்றிவிட்டு, பழைய எஞ்சின் மாதிரி வெறும் வயிற்றில் ஓடவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். முதல் வருஷம் நான் செய்த அதே தப்பு.

பம்பை ஒரு துணியில் சுற்றி தனசேகர் சார் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். துணியை அவர் தொடவே இல்லை.

"இதைப் பாத்தா யாருக்கு பாய் கஷ்டம்? தாள்ல உங்க கையெழுத்து இருக்கு. உங்களுக்கு இன்னும் அஞ்சு மாசம். நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்துக்கங்க."

விசாரணை ஏ.சி. அறையில் நடந்தது. மூன்று அதிகாரிகள். ஓரத்தில் தனசேகர் சார். ஏழுமலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தான். தொடையிலிருந்து பாதம் வரை கட்டு. நீட்டிய காலைத் தாங்க இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் லாமினேட் செய்த அந்தத் தாளை வாசித்தார்கள். இவ்வளவு ஒழுங்கான முறை இருக்கும் கம்பெனி என்று ஒருவர் பாராட்டினார். பிறகு மூன்றாம் நம்பர் தாளை என் முன்னால் வைத்தார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"எல்லாம் சரியா செஞ்சிருந்ததை நீங்க பாத்தீங்க?"

தனசேகர் சார் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தேன் சார்."

எஞ்சின் சரியாக இருந்ததென்றால் ஓட்டியவன் மேல்தான் தப்பு. அளவுக்கு மேல் ஆள் ஏற்றினான், எஞ்சினை முறுக்கினான், அதனால் நின்றது என்று எழுதினார்கள். வேலையை விட்டு நீக்கினார்கள். ஐந்து மாதம் கழித்து எனக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள். தனசேகர் சார்தான் போட்டார். "நம்ம ஒர்க்‌ஷாப்போட கண்ணு பாய்தான்" என்று மைக்கில் பேசினார்.

ஓய்வு பெற்ற பிறகு ஏழெட்டு மாதம் நான் காசிமேட்டுப் பக்கமே போகவில்லை. மீன்கூட வீட்டுத் தெருவில் வருகிற கூடையில் வாங்கினோம். ஒருநாள் என் மனைவி கேட்டாள். "ஏழுமலை அண்ணன் கால் எப்படி இருக்குதாம்?" எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பழக்கம், கால் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாது என்று சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "போயி அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் போனேன். ஏழுமலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கால் நீட்டினபடியே இருந்தது. முட்டி மடங்காது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் நின்றுகொண்டே சொன்னேன். மீஞ்சூர் போனதை, பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை, பம்பை, விசாரணையில் பொய் சொன்னதை. குறுக்கே பேசாமல் கேட்டான்.

"தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"நீ அன்னிக்கி மீஞ்சூர்ல இருந்தேன்னு. நான்தான பாய் அந்தப் போட்டை ஷெட்டுல ஏத்துனேன். அந்தப் பசங்க பெட்ரோல் டியூபைப் புடுங்கி வுட்டு ஓட்டுனத என் கண்ணால பாத்தேன். இது இன்னாடா புதுசா கீதுன்னு நெனச்சேன். அப்பால தாள்ல உன் கையெழுத்து இருந்திச்சு. நீ வந்து எல்லாத்தையும் திருப்பிச் செஞ்சிட்டிருப்பேன்னு வுட்டுட்டேன்."

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"அதான் வெள்ளத்து அன்னிக்கி போன் பண்ணேன். இல்லாங்காட்டி எஞ்சின் எறக்க உன்னை எதுக்குக் கேக்கப் போறேன்? நீ சரின்னே. எறக்குனேன்."

"விசாரணையில ஏன்டா சொல்லல? நான் அன்னிக்கி அங்க இல்லேன்னு நீ சொல்லியிருக்கலாமே?"

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் சொன்னா உன் வேலை பூடும். நீ சொன்னா உன் மரியாதையாச்சும் நிக்கும். அதான் உன் மூஞ்சையே பாத்துகினு இருந்தேன்."

உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்த வீட்டில் நான் சாப்பிடாத பொங்கல் கிடையாது.

"இப்ப நான் இன்னா செய்யணும், சொல்லு" என்றேன்.

"லேபர் கோர்ட்டுல கேஸ் போட்டுகீறேன். வந்து அங்க சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?"

சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். தனசேகர் சார் மேஜையிலிருந்து அன்றே திரும்ப எடுத்து, துணியோடு ஒளித்து வைத்திருந்த பம்பை ஓய்வு பெறும் நாளில் என் பையில் போட்டு எடுத்துவந்திருந்தேன். அதையும் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்தேன். கம்பெனி வக்கீல் என்னைக் கேட்டார். "அன்னிக்கு சொன்னது பொய், இன்னிக்கு சொல்றது நிஜம்னு எப்படி நம்பறது?" நல்ல கேள்வி. தனசேகர் சார் ஒருநாள் சாட்சி சொல்ல வந்தார். கையெழுத்துப் போடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை என்றார். அது உண்மைதான். அந்தப் பெருக்கல் குறியை யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு முறையும் டோல்கேட்டில் நான் நிற்பேன். காசிமேட்டிலிருந்து வரும் ஆட்டோவை ஏழுமலை அங்கே நிறுத்தச் சொல்லி என்னை ஏற்றிக்கொள்வான். என் சாட்சி அவனுக்கு வேண்டும். மற்றபடி எங்களுக்குள் பேச்சு இல்லை. பின்சீட் முழுவதும் காலியாக இருக்கும். அதில் உட்கார்ந்தால் காலை வசதியாக நீட்டிக்கொள்ளலாம். ஆனால் ஏழுமலை முன்னால், டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, மடங்காத காலை ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வருகிறான். பின்னால் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.